வாக்கு யார் கண்ணில் படுகிறது?



இன்றைய உரைக்கான அழைப்பிதழில் 'மக்கள் பிரதிநிதியைப் பின்தொடர்தல்' என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. கொஞ்சம் போலீஸ் வாடை அடிக்கிறது. நான் பேச வந்தது அவ்வளவு பயங்கரமான விஷயமில்லை. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அவையில் எந்தப் பக்கம் வாக்களித்தார், அவைக்கு வெளியே அவருக்கு என்ன தொழில், எந்தக் கம்பெனியில் பங்கு, யார் கையால் சம்பளம்? இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு சாதாரண வாக்காளருக்கு வழி இருக்கிறதா? இவ்வளவுதான் கேள்வி.

மாநிலங்களவைத் தேர்தலிலிருந்து தொடங்குகிறேன். அதில் வாக்களிப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். 2003ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, அந்தத் தேர்தலில் ரகசிய வாக்கை எடுத்துவிட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு மாற்றிக் குத்துகிறார்கள் என்பது காரணம். இப்போது எம்.எல்.ஏ. சீட்டில் எண்ணைக் குறித்துவிட்டு, பெட்டியில் போடுவதற்கு முன் அங்கே உட்கார்ந்திருக்கும் தன் கட்சியின் முகவரிடம் அதைக் காட்ட வேண்டும். வேறு எவரிடமும் காட்டக் கூடாது. 2006இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த முறையைச் சரி என்றது.

2017 ஆகஸ்ட் 8 அன்று குஜராத்தில் நடந்தது நினைவிருக்கலாம். காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் இருவர் தங்கள் சீட்டைக் கட்சி முகவரோடு நிறுத்தாமல் மற்றவர் கண்ணிலும் படும்படி காட்டிவிட்டார்கள். நள்ளிரவு வரை தேர்தல் ஆணையத்தின் வாசலில் இரு கட்சித் தலைவர்களும் மாறி மாறி ஏறி இறங்கினார்கள். ஆணையம் ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்து அந்த இரண்டு வாக்கும் செல்லாது என்றது. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் 44 வாக்குகளோடு கரையேறினார்.

இதில் கவனிக்க வேண்டியது படேலின் வெற்றி அல்ல. அந்த எம்.எல்.ஏ.வின் சீட்டைப் பார்க்கச் சட்டப்படி உரிமை பெற்றவர் ஒரே ஒருவர்; அவர் கட்சி ஆள். அந்த எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்த லட்சக்கணக்கான மக்களுக்கு அந்த உரிமை இல்லை. நம் நாட்டில் பிரதிநிதியின் வாக்கைக் கண்காணிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, கச்சிதமாகவும் இருக்கிறது. ஆனால் அது கட்சிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

நாடாளுமன்றத்துக்கு வருவோம். ஒரு மசோதா எப்படி நிறைவேறுகிறது? விவாதம் முடிந்ததும் சபாநாயகர் 'ஆதரிப்போர் ஆம் என்க' என்பார், ஒரு பக்கம் குரல் எழும். 'எதிர்ப்போர் இல்லை என்க' என்பார், இன்னொரு பக்கம் குரல் எழும். 'ஆம் என்போரே அதிகம்' என்று அவர் அறிவித்தால் சட்டம் நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பு என்பது இதுதான். யார் கத்தினார்கள், யார் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், யார் அந்த நேரத்தில் கேன்டீனில் தோசை தின்றுகொண்டிருந்தார்கள் என்பது எங்கும் பதிவாகாது. வரி, நிலம், விதை, மின்சாரம் என்று நம் வீட்டுக்குள் வரும் பெரும்பாலான சட்டங்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன.

யாராவது ஓர் உறுப்பினர் ஒப்புக்கொள்ளாமல் டிவிஷன் கேட்டால் காட்சி மாறும். மக்களவையில் மணி மூன்றரை நிமிடம் அடிக்கும். நூலகத்திலும் வராந்தாவிலும் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். கதவுகள் சாத்தப்படும். அவரவர் மேசையில் பொத்தான்: ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு, விலகி நிற்பதென்றால் மஞ்சள். பலகையில் எண் வரும், 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்ற குறிப்போடு சபாநாயகர் வாசிப்பார். பொத்தான் வேலை செய்யாதவர்கள், தவறாக அழுத்தியவர்கள் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அவை நடவடிக்கைப் பதிவில் பெயர்ப் பட்டியல் அச்சாகும். சீட்டு கொடுத்தவர்கள் பெயர் கீழே அடிக்குறிப்பில் இருக்கும். அந்த அடிக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்தான் நல்ல கண்காணிப்பாளர் என்பேன். தொலைக்காட்சியில் வந்த எண்ணுக்கும் ஆவணத்தில் நிற்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கும்.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் டிவிஷன் தவிர்க்க முடியாது. மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு பங்கு என்று எண்ணிக் காட்டியாக வேண்டும். அதனால்தான் 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியதும், அந்த இரண்டு பேர் அசதுத்தீன் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும் என்பதும் நமக்குத் தெரிகிறது. 2020இல் வேளாண் சட்டங்களுக்கு மாநிலங்களவையில் யார் யார் 'ஆம்' என்றார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது.

அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் ஆளுங்கூட்டணிக்குத் தனிப் பெரும்பான்மை கிடையாது. வெளியிலிருந்து வரும் ஆதரவை நம்பித்தான் மசோதா வந்தது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரும் தீர்மானத்தின் மீது தி.மு.க.வின் திருச்சி சிவா உள்ளிட்டோர் டிவிஷன் கேட்டார்கள். துணைத் தலைவர் ஹரிவன்ஷ், அவையில் ஒழுங்கு இல்லை, உறுப்பினர்கள் தத்தம் இடத்தில் இல்லை என்று சொல்லிக் குரல் வாக்கெடுப்போடு முடித்துவிட்டார். சிவா தம் இருக்கையிலிருந்தே கேட்டது அவைத் தொலைக்காட்சியின் ஒளிப்பதிவில் தெரிகிறது என்று பிறகு பத்திரிகையில் செய்தி வந்தது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். அதே விவாதத்தில் அ.தி.மு.க.வின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியன் மசோதாக்களைக் குறைகூறிப் பேசினார். அவர் கட்சியின் நிலைப்பாடு ஆதரவு. பேச்சு பதிவில் இருக்கிறது. வாக்கு இல்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் குரல் வாக்கெடுப்பில்தான். ஓராண்டு டெல்லி எல்லையில் விவசாயிகளை உட்கார வைத்த ஒரு விஷயத்தில், வந்தபோதும் போனபோதும் ஒரு பெயர்கூட ஏட்டில் ஏறவில்லை.

டிவிஷன் கேட்பது உறுப்பினரின் உரிமை என்று பொதுவாகச் சொல்கிறோம். மக்களவை விதி 367 அதற்கு ஒரு வாலும் வைத்திருக்கிறது. டிவிஷன் அநாவசியமாகக் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், இரு பக்கத்தாரையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடித்துவிடலாம். அப்போது வாக்களித்தவர்களின் பெயர்கள் பதிவு செய்யப்படா. நான் சொந்தமாகச் சேர்த்த விளக்கமில்லை இது. விதியிலேயே அப்படி இருக்கிறது.

சரி, பெயர் பதிவாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது யாருடைய வாக்கு?

1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியே பத்தாவது அட்டவணை வந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான். கொறடா உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் விலகி நின்றாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகும். ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கென்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் துறைமுக மசோதாவுக்கும் மருத்துவக் கல்வி மசோதாவுக்கும் அதே கத்திதான். ஆட்சியின் உயிரோடு சம்பந்தப்பட்ட வாக்குகளோடு இதை நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990இலேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. காங்கிரஸ் எம்.பி. மனிஷ் திவாரி இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. எந்தக் கட்சித் தலைமைக்குத்தான் அந்தக் கத்தியைக் கீழே வைக்க மனம் வரும்?

அதனால் இந்திய எம்.பி. ஒருவரின் வாக்குப் பதிவை எடுத்து 'இவர் கொள்கை என்ன' என்று படிப்பது வீண் வேலை. கட்சி என்ன பேரம் பேசியது என்பதை வேண்டுமானால் படிக்கலாம். 2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் அ.தி.மு.க.வின் 11 பேரும் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸும் உண்டு. அந்த 12 வாக்கு அந்தப் பக்கம் போயிருந்தால் 113க்கு 117, மசோதா தோற்றிருக்கும். 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே அ.தி.மு.க., அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது. வாக்குப் பட்டியல் இருந்ததால்தான் தெருமுனையில் நின்ற எதிர்க்கட்சிப் பேச்சாளர் பெயர் சொல்லிக் கேட்க முடிந்தது. அன்று குரல் வாக்கெடுப்பு நடந்திருந்தால் 'நாங்கள் அப்போதே முணுமுணுத்தோம்' என்று சொல்லித் தப்பியிருப்பார்கள்.

கட்சியை மீறி வாக்களித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரு வாக்கில் விழுந்தபோது, தேசிய மாநாட்டுக் கட்சியின் சைஃபுதீன் சோஸ் தலைமையின் கட்டளையை மீறி எதிர்த்து வாக்களித்தார், கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். நம் ஊர்க் கதை இதைவிட விசித்திரம். 2017 பிப்ரவரி 18 அன்று கோட்டையில் அ.தி.மு.க. முதல்வர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரினார். தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்ட பிறகு, உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்க வைத்து எண்ணினார்கள். 122 ஆதரவு, 11 எதிர்ப்பு. எதிர்த்த 11 பேர் அதே கட்சியின் ஓ.பன்னீர்செல்வமும் அவர் அணியினரும். முதல்வரைக் கவிழ்க்க வாக்களித்த அவர்கள் பதவி பறிபோகவில்லை. அணிகள் இணைந்து பன்னீர்செல்வம் துணை முதல்வரே ஆனார். முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆகஸ்டில் ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 எம்.எல்.ஏ.க்களை அதே சபாநாயகர் தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றமும் கடைசியில் அதை ஏற்றது. எதிர்த்து வாக்களித்தவர் உள்ளே, கடிதம் கொடுத்தவர் வெளியே. சட்டத்தின் வரிகள் மாறவில்லை. கட்சிக்கு அந்த நேரத்தில் யார் வேண்டும் என்பதுதான் மாறியது.

இனி இரண்டாவது கணக்கு, வெளி நலன்கள். இது இன்னும் இருட்டு.

குடியரசு பிறந்த மறு ஆண்டே இந்தப் பிரச்சினை வந்தது. 1951இல் தற்காலிக நாடாளுமன்றத்தில் எச்.ஜி.முத்கல் என்ற உறுப்பினர், பம்பாய் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காகப் பணம் பெற்றுக்கொண்டு அவையில் அவர்கள் காரியம் பார்த்தார் என்று குழு விசாரித்துச் சொன்னது. அவரை வெளியேற்றும் தீர்மானத்தை நேருவே கொண்டுவந்தார். தீர்மானம் முடிவதற்குள் முத்கல் ராஜினாமா செய்தார். அது குற்றத்தை இன்னும் கூட்டுகிறது என்று அவை எழுதி வைத்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் மீது பிரதமரே தீர்மானம் கொண்டுவந்த காலம் அது. 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக ரகசியக் கேமராவில் சிக்கிய 11 பேர் வெளியேற்றப்பட்டார்கள். இந்த இரண்டிலும் குற்றம் தெரியவந்தது வெளியிலிருந்து வந்த புகாராலும் கேமராவாலும்தான். அவையின் எந்தப் பதிவேடும் காட்டிக் கொடுக்கவில்லை.

மாநிலங்களவையில் பதிவேடு என்று ஒன்று உண்டு. விதி 293. ஊதியம் தரும் இயக்குநர் பதவி, வழக்கமான சம்பள வேலை, கம்பெனியைக் கட்டுப்படுத்தும் அளவு பங்கு, ஊதியம் பெறும் ஆலோசனை, வக்கீல் தொழில் போன்ற தொழில் ஈடுபாடு என ஐந்து தலைப்பு. தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து இதை வாங்கிப் பார்த்தவர்கள் உண்டு. விமான நிறுவன முதலாளியாக இருந்துகொண்டே விஜய் மல்லையா அந்த அவையில் உட்கார்ந்திருந்ததும் அந்தப் பதிவேடு இருந்த காலத்தில்தான். பதிவேடு இருப்பதாலேயே காரியம் நடந்துவிடாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மக்களவையில் அப்படி ஒரு பதிவேடே கிடையாது. நமக்கு இருப்பது வேட்பு மனுவோடு வைக்கும் பிரமாணப் பத்திரம், படிவம் 26. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போட்ட வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த கொடை அது. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. தேர்தல் நேரத்தில் பத்திரிகைக்காரர்கள் அதிலிருந்து 'இவருக்கு இத்தனை கோடி, அவருக்கு இத்தனை பவுன்' என்று எடுத்துப் போடுவதில் அவ்வளவு மரியாதை இல்லை. பத்திரத்தை நிதானமாகப் படித்தால் அதன் ஓட்டைகள் தெரியும். ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு இருக்கும். மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் சொத்து இருக்கும். தனியாகச் சம்பாதிக்கும் மகன் 'சார்ந்திருப்பவர்' ஆகமாட்டார்; அவர் பெயரில் உள்ள கல்குவாரி அதில் வராது. வக்கீல் என்று எழுதினால் போதும், எந்தக் கம்பெனிக்காக வாதாடுகிறார் என்று எழுத வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட, அது வேட்பு மனு நாளின் நிலவரம். ஜெயித்த மறு வருஷம் ஒரு கம்பெனியில் இயக்குநராகச் சேர்ந்தால் அடுத்த தேர்தல் வரை அந்தப் பத்திரத்தில் தெரியாது.

இரண்டு கணக்கும் சந்திக்கும் இடம் ஒன்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. மக்களவை விதி 371. ஓர் உறுப்பினருக்கு ஒரு விஷயத்தில் நேரடியான சொந்தப் பண நலன் இருந்தால் அவருடைய வாக்கை இன்னோர் உறுப்பினர் ஆட்சேபிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. நிபந்தனைகளைப் பாருங்கள்: ஆட்சேபம் டிவிஷனில் போட்ட வாக்குக்கு மட்டும், டிவிஷன் முடிந்த கையோடு, முடிவை அறிவிப்பதற்கு முன் எழுப்ப வேண்டும். குரல் வாக்கெடுப்பென்றால் ஆட்சேபிக்க வாக்கே இல்லை. டிவிஷன் என்றாலும், பதிவேடு இல்லாத அவையில் அந்தச் சில விநாடிகளுக்குள் பக்கத்து பெஞ்சுக்காரருக்கு எந்தக் கம்பெனியில் பங்கு என்று யாருக்குத் தெரியும்? பெயரை மறைக்கும் விதியும் நலனை எழுதச் சொல்லாத விதியும் கைகோத்து மூன்றாவது விதியைச் செத்த எழுத்தாக்கி வைத்திருக்கின்றன.

இரண்டும் வெளிச்சத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே 1836 முதல் வாக்களித்தவர் பெயர்கள் அச்சாகின்றன. 1970களின் நடுவிலிருந்து நலன் பதிவேடு இருக்கிறது. ஓவன் பேட்டர்சன் என்ற எம்.பி. இரண்டு நிறுவனங்களிடம் ஆண்டுக்கு லட்சம் பவுண்டுக்கு மேல் ஆலோசகர் ஊதியம் வாங்கினார். பதிவேட்டில் அவரே எழுதியிருந்தார். பதிவேட்டில் மறைத்தார் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நிறுவனங்களுக்காக அரசு அமைப்புகளை அணுகினார் என்பதே முதன்மைக் குற்றம். 2021 நவம்பர் 3 அன்று அவர் மீதான தண்டனையை நிறுத்தி வைக்கும் திருத்தத்தை ஆளுங்கட்சி 250க்கு 232 என்று நிறைவேற்றியது. அந்த 250 பெயரும் அன்றே ஊருக்குத் தெரிந்தது. ஒரே நாளில் அரசு பின்வாங்கியது, பேட்டர்சன் விலகினார். 2019இல் ஏறக்குறைய 23,000 வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்ற நார்த் ஷ்ராப்ஷயர் தொகுதியை டிசம்பர் இடைத்தேர்தலில் அவர் கட்சி இழந்தது. அங்கேயும் கொறடா உண்டு; மீறினால் கட்சி தள்ளி வைக்கும். ஆனால் எம்.பி. பதவியைப் பறிக்க அதனால் முடியாது. பிரிட்டிஷ்காரர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பேட்டர்சனே அதற்குச் சான்று.

பணம் வாங்கிக்கொண்டு வாக்களிப்பது பற்றி நம் நீதிமன்றம் சுற்றி வந்த பாதையையும் சொல்லிவிடுகிறேன். 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 251க்கு 265 என்று முறியடித்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் பணம் வாங்கினார்கள் என்று வழக்கு. 1998இல் உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டம் 105(2)இன்படி அவையில் போட்ட வாக்குக்காக வழக்குத் தொடர முடியாது என்றது. விளைவு: பணம் வாங்கி, சொன்னபடி வாக்கும் போட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு, வாங்கியதாகச் சொல்லப்பட்டு வாக்களிக்காதவருக்குப் பாதுகாப்பு இல்லை. நாணயமாக நடந்தவர் தப்பினார் என்று அன்று கேலி பேசலாம் போலிருந்தது. இது திருந்த 26 ஆண்டு ஆயிற்று. திருத்திய வழக்கு சீதா சோரன் வழக்கு; அவர் மோர்ச்சாத் தலைவராக இருந்த சிபு சோரனின் மருமகள். 2012 மாநிலங்களவைத் தேர்தலில் ஒரு சுயேச்சையிடம் பணம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. வாக்கு தம் கட்சி வேட்பாளருக்கே போட்டார். அது எப்படித் தெரியும் என்றால், நான் முதலில் சொன்ன திறந்த வாக்கு முறையால்தான். 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாக, லஞ்சத்துக்கு அவையின் சிறப்புரிமை காப்பாகாது என்றார்கள்.

தொகுதியில் இருந்தபடி ஒருவர் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். முதலில், வருகைப் பதிவையும் கேள்வி எண்ணிக்கையையும் வைத்து 'முதல் மதிப்பெண் எம்.பி.' என்று போடும் பட்டியல்களை ஒதுக்கி வையுங்கள். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தே போடுவதில்லை. கேள்விகளை உதவியாளர் நூற்றுக்கணக்கில் எழுதித் தள்ளலாம். எத்தனை கேள்வி என்பதைவிட எந்தத் துறையைப் பற்றி, எந்தச் சலுகையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று பாருங்கள். அவருடைய இரண்டு தேர்தல் பிரமாணப் பத்திரங்களை எடுத்து இடையில் எந்தத் தொழில் வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எந்த நிலைக்குழுவில் இருக்கிறார் என்றும் பாருங்கள். டிவிஷன் நடந்த நாளில் பட்டியலில் பெயர் இல்லையென்றால் எங்கே போயிருந்தார் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். விலகி நிற்பதும் வராமலிருப்பதும் நம் ஊரில் பெரும்பாலும் பேசி வைத்துச் செய்யும் காரியம்.

பெரிய மாற்றங்களுக்கு நாள் பிடிக்கும். பத்தாவது அட்டவணையைத் தொட அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். ஆனால் விதி 367இல் பெயர்களைப் பதிவு செய்யாமல் விடும் அந்த வரியை எடுக்கவும், ஒவ்வொரு மசோதாவின் இறுதி வாக்கெடுப்பையும் பொத்தானில் நடத்தவும், மக்களவைக்கு ஒரு நலன் பதிவேடு கொண்டுவரவும் அவையின் விதிகளைத் திருத்தினால் போதும். மேசைக்கு மேசை மின்னணுக் கருவி ஏற்கெனவே இருக்கிறது, செலவு என்று சாக்குச் சொல்ல முடியாது. விதிகள் குழு பரிந்துரையை அவையின் மேசையில் வைத்து, ஏழு நாளில் யாரும் திருத்தம் கொடுக்கவில்லை என்றால் அவை ஏற்றதாகவே கொள்ளப்படும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் விதி 367, விதி 371 என்ற இரண்டு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கட்சியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.